மனசுக்குள் ஆடிய தட்டாங்கல்

தலையில் பசை மாதிரி எதையோ தடவி, பத்துப் பன்னிரண்டு ஒயர்களை ஒட்டினார்கள் இன்றைக்கு, மதுரை ஆஸ்பத்திரியில். அந்தப் பசை வாசம் இன்னும் தலையை விட்டுப் போகவில்லை. எதிரே ஒரு டிவி, அதில் ஒரு குட்டி விமானம். "கையால எதுவும் செய்ய வேணாம்மா. உங்க மூளை அலை அமைதியானா விமானம் மேல போகும், மனசு கலைஞ்சா இறங்கிரும்" என்றாள் டாக்டர் பொண்ணு. வீடியோ கேமாம். மாத்திரையோடு இதையும் பழகினால் வலிப்பு குறையலாமாம். "புதுசா வந்திருக்கு" என்று வேறு சொன்னாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது, விமானம் தரையில் விழுந்தது. புதுசாவது! அறுபது வருஷத்துக்கு முன்னால் ஒயரும் டிவியும் இல்லாமல் நீயும் நானும் ஆடியது என்னவாம்?

எம். புதுப்பட்டியில் எங்கள் வீட்டை ஒட்டி உங்களுக்கு வாடகை வீடு. உன் அம்மா நர்ஸ். நமக்குப் பதினாறு, பதினேழு வயது. எனக்கு வலிப்பு என்பது ஊரில் உங்கள் வீட்டுக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்கு, எனக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது. அந்தப் பொய்யைக் காப்பாற்றவே பள்ளிக்கூடத்தை நிறுத்தி என்னை வீட்டுக்குள் வைத்திருந்தார்கள்.

வலிப்புக்கு முன்னால் எனக்கு ஒரு கருகல் வாசம் அடிக்கும். வேறு ஊராக இருந்தால் அதை வைத்தே சுதாரித்திருப்பேன். நம் ஊரில்தான் பட்டாசுக் கம்பெனியில் வெடித்துப் பார்க்கிற வாசம் பொழுதுக்கும் காற்றில் வருமே! எது கம்பெனி, எது என் மண்டை என்று எப்படித் தெரியும்? அதனால் உன்னைத்தான் கேட்பேன், "ஏட்டி, உனக்கும் அடிக்குதா?" என்று. நீ இல்லை என்றால் சுவரோரம் போய்ப் படுத்துக்கொள்வேன்.

ஒருநாள் தட்டாங்கல் ஆடும்போது கேட்டேன். "இல்ல" என்றாய். நான் எழுந்தேன். நீ ஜெயிக்கிற நேரம், விடுவாயா? "அங்கன எங்க போற? முடிச்சிட்டுப் போ. போடு கல்ல" என்று மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தாய். பயத்தில் கல்லை மட்டுமே பார்த்து ஆடினேன். ஆட்டம் முடிந்தது, வலிப்பு வரவில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அதையே பிடித்துக்கொண்டாய். கையில் கல் இல்லாத நேரம் வந்தால்? கண்ணை மூடி மனசுக்குள் ஆட வேண்டும். ஒன்றை மேலே வீசு, ஒன்றை அள்ளு. நடுவில் திடீரென்று கேட்பாய், "இப்ப கையில எத்தனை, தரையில எத்தனை?" தடுமாறினால் முதலிலிருந்து. ஈவிரக்கமே இல்லாமல் மாதக்கணக்கில் பழக்கினாய். சில தடவை வலிப்பு நின்றது, பல தடவை நிற்கவில்லை. "ஆட்டம் இருக்குன்னு மாத்திரைய நிப்பாட்டுனா ரெண்டு பேரையும் தொலைச்சிருவேன்" என்று உன் அம்மா மிரட்டுவார்.

என் அம்மாவுக்குத் தெரிந்ததும்தான் வினை. ஆலங்குளம் பக்கமிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. "அவுக இருக்க வரைக்கும் அந்த ஆட்டத்த ஆடிக்கோ தாயி. வராமப் பாத்துக்கோ" என்றாள். நான் தலையாட்டிவிட்டேன். நீதான் சீறினாய். "நீ நாலு எடத்துக்குப் போயி வரணும்னு சொல்லிக் கொடுத்தேன். ஊரை ஏமாத்தவா?" இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆனாலும் அன்றைக்கு வந்து அடுக்களை நிலையோரம் நின்றாய்.

வந்தவர்களைக் கும்பிட்டு உட்கார்ந்ததுமே கருகல் வாசம். உன்னைப் பார்த்தேன். இல்லை என்று உன் தலை லேசாக ஆடியது. கண்ணைத் தாழ்த்தி மனசுக்குள் கல்லை வீசினேன். வெட்கப்படுகிறேன் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். நின்றுவிட்டது.

அப்போது பார்த்து மாப்பிள்ளையின் அம்மா கேட்டார், "பொண்ணுக்கு நோய்நொடி ஒண்ணும் இல்லைல்ல?"

"ஒரு தலவலி கூட வந்ததில்ல மதினி" என்றாள் அம்மா.

எங்கிருந்து வந்ததோ அந்தத் துணிச்சல். "எனக்கு வலிப்பு வரும். இப்பக்கூட ஒண்ணு வந்துச்சு, நிப்பாட்டிட்டேன். எல்லாத் தடவையும் நிப்பாட்ட முடியாது" என்றேன்.

அவர்கள் காபியைக்கூட முடிக்கவில்லை. அப்பா என்னை விட்டுவிட்டு உன்னிடம் பாய்ந்தார். "இந்தப் புள்ள இனிமே இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது." நீ படி இறங்கினாய். நானும் உன் பின்னாலேயே இறங்கி, தெரு பார்க்க உன் வீட்டுக்கு நடந்தேன். அப்பா என்ன, ஊரே கத்தினாலும் அன்றைக்குத் திரும்பியிருக்க மாட்டேன். மறைக்க ஒன்றும் இல்லை என்று ஆன பிறகு, என்னை அடைத்து வைக்கவும் அவர்களுக்குக் காரணம் இல்லாமல் போயிற்று. மறு வருஷம் பள்ளிக்கூடம் போனேன். பிறகு டீச்சரானேன். எல்லாம் தெரிந்தே ஒருவர் வந்து கட்டிக்கொண்டார். வகுப்பிலேயே இரண்டு முறை விழுந்தேன். எழுந்து மீதிப் பாடத்தை நடத்தினேன்.

நீ கண்ணை மூடி மூன்று வருஷம். இதையெல்லாம் சொல்லிச் சிரிக்க எனக்கு வேறு ஆள் இல்லை. அந்தக் கோபம் உன் மேல் இன்னும் இருக்கிறது.

இன்றைக்குத் திரும்பும்போது மகன் காதோடு சொன்னான், "யாரும் கேட்டா முட்டுவலின்னு சொல்லுங்கம்மா. பேத்திக்கு வரன் பாக்கிறோம்ல." அவன் நல்லவன்தான், என் அம்மாவும் நல்லவள்தான். இந்த மாதிரிப் பொய்யை நல்லவர்கள்தான் சொல்லச் சொல்கிறார்கள்.

பஸ்ஸில் பக்கத்து சீட்டில் நம்மூர்க்காரி ஒருத்தி. "எங்க போயிட்டு வாரீக?" என்றாள். முன் சீட்டிலிருந்து மகன் திரும்பிப் பார்த்தான்.

"வலிப்புக்கு வைத்தியம் பாத்துட்டு வாரேன். சின்ன வயசுல இருந்தே இருக்கு" என்றேன், சத்தமாகவே.

அவள் முன் சீட்டை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு என் பக்கம் சாய்ந்து, "எம் மருமகளுக்கும் இருக்குக்கா. வெளிய சொல்றதில்ல" என்றாள்.

நாளைக்கு அந்த மருமகளைத் தட்டாங்கல் ஆட வீட்டுக்குக் கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன். பட்டப்பகலில், தெரு வழியாக.