நாங்கள் வைத்திருந்த பேர்

மார்ச் 3, ஞாயிறு

மனைவி அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலுக்குப் போர்வை கட்டி, மெத்தையைச் சுவரில் சாய்த்துவைத்து, போனில் பதிவு செய்தேன். கிதாரில் ஒரு கம்பி கொஞ்சம் இறங்கியிருக்கிறது. இருக்கட்டும். பாப்பாவின் பாட்டு ஒரே மூச்சில் வந்துவிட்டது. ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே போனவளுக்கு, ஐந்து மாதம் கழித்து ஒரு தாலாட்டு.

மார்ச் 4

வழக்கம்போல இணையத்தில் ஏற்றினேன். என் பாட்டுகளைக் கேட்பவர்கள் மிஞ்சிப்போனால் முப்பது பேர். மனைவியிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

மார்ச் 16

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவள் அண்ணன் கூப்பிட்டார். "மாப்ள, உங்க பாட்டு எங்க ஆபீஸ் வரைக்கும் வந்துடுச்சு! நாப்பதாயிரம் பேர் கேட்டிருக்காங்க!"

லென்ஸ் கைநழுவி விழுந்து உடைந்தது. சந்தோஷத்தில்தான் — பொய் சொல்வானேன்.

மார்ச் 17

பாட்டை அவள் கேட்டுவிட்டாள். அடுப்படியில் நின்றபடி, கத்தாமல்தான் பேசினாள்.

"பாப்பாவுக்கு வச்ச பேரு நம்ம ரெண்டு பேருக்கு மட்டும்தானே தெரியும்? எங்க அம்மாகிட்டகூட நான் சொல்லலையே. ஊருக்கே பாடிட்டீங்களே."

"எனக்கும் வலிச்சுது" என்றேன்.

"உங்க வலியப் பாடுங்க. என்னோடதையும் சேத்து எதுக்குப் பாடினீங்க?"



மார்ச் 18

அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

மார்ச் 29

முன்பின் தெரியாத ஒரு பெண் பாட்டுக்குக் கீழே எழுதியிருக்கிறாள் — தனக்குப் பிறக்கப்போகும் மகளுக்கு அந்தப் பேரையே வைக்கப்போகிறாளாம். பாட்டை எடுத்துவிட்டேன். இணையத்திலிருந்து, போனிலிருந்து, எல்லா இடத்திலிருந்தும். அடப் பாவி, இத மொத நாளே செஞ்சிருந்தா என்ன?

ஏப்ரல் 21, ஞாயிறு

மீதித் துணிமணிகளை எடுக்க வந்தாள்.

"பாட்டக் காணோமே?" என்றாள்.

"அழிச்சுட்டேன். எங்கயும் இல்ல."

அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "தெனமும் கேட்டுட்டிருந்தேன். அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட வேற யாரு இருக்கா?"

அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"பாடுங்க."

இரண்டு அடி வந்தது. மூன்றாவது எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அவள்தான் எடுத்துக் கொடுத்தாள், சுருதியே இல்லாமல். பேர் வரும் இடத்தில் இருவருமே நின்றுவிட்டோம். வெகுநேரம் அழுதோம் — மருத்துவமனையிலிருந்து வந்த நாளுக்குப் பிறகு, ஒன்றாக, இன்றுதான்.

பஸ் நிறுத்தம் வரை பையை நான்தான் தூக்கிப் போனேன். படியில் கால் வைத்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"அந்தப் பாட்ட எங்கயும் எழுதி வச்சுடாதீங்க. மறந்துட்டா எங்கிட்ட வந்து கேளுங்க."