கடனுக்கு மூன்று பேர்

முடியாது, நான் அப்படிச் சொல்லமாட்டேன். "அலமு பாலக்காட்டுல அத்தையாத்துல இருக்கான்னு சொல்லிடு, ரேஷன் கார்டுல பேர் இருக்கே" என்று காலையில் சொன்னீர்கள். குடும்பத்தில் மூன்று பேர் இருந்தால்தான் ஹவுசிங் சொசைட்டி வீட்டுக்கு சர்க்கார் கடன் என்று எனக்கும் தெரியும். ஆனால் செத்துப்போன நம் குழந்தையை ஊரில் இருக்கிறாள் என்று எப்படிச் சொல்வேன்?

கடன் ஆபீஸ் இன்ஸ்பெக்டர் ஆள் எண்ண சாயங்காலம் ஆறு மணிக்கு வருகிறார். நீங்களே பதில் சொல்லுங்கள். நான் செம்பூரில் மன்னி வீட்டுக்குப் போகிறேன். சாவி பக்கத்து வீட்டில். ரசத்தைச் சுடவைத்துக்கொள்ளுங்கள்.

நான் படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில் இறந்த குழந்தையின் அறையை அப்படியே பூட்டி வைக்கிறார்கள். நமக்கு இருப்பதே ஓர் அறை. அவள் படுத்த இடத்தில்தான் சாப்பிடுகிறோம்.

பி.கு: அவள் போன இந்த மூன்று மாதத்தில் இன்றுதான் அவள் பெயரைச் சொன்னீர்கள், அதுவும் கடனுக்காக. ராத்திரி நான் வந்ததும் அவளைப் பற்றி என்னோடு கொஞ்சம் பேசுகிறீர்களா?