கால் பார்க்கும் பிள்ளைகள்

என் அக்கா பெற்ற செல்வமே, பாப்பா,

கடல் தாண்டி வந்திருக்கும் உன் தாய்மாமன் எழுதுவது. நான் இங்கே ராஜா மாதிரி இருக்கிறேன். நீ, மாப்பிள்ளை, குட்டி எல்லோரும் சுகமா? அக்கா தன் மூட்டுவலிக்கு நான் வாங்கிக் கொடுத்த எண்ணெயைத் தடவுகிறாளா, இல்லை என் மேல் இருக்கிற கோபத்தில் அதையும் கொட்டிவிட்டாளா?

"பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவன் வீட்டுல சும்மா கிடக்காம, வெளிநாட்டுல போயி சேவை செய்யுறானாம் சேவை" என்று அவள் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தது எனக்கு மறக்கவில்லை. அவளிடம் சொல். வேன் ஓட்டத்தான் இவர்கள் என்னைக் கூப்பிட்டார்கள், வாஸ்தவம். ஆனால் வந்த வாரத்திலேயே என் திறமையைப் பார்த்து டாக்டர் அசந்துபோனார். இப்போது டாக்டருக்கு அடுத்தபடி இங்கே நான்தான். எட்டாம் வகுப்பை மூன்று வருடம் ஆழமாகப் படித்தவன் என்றால் சும்மாவா? நர்சம்மா ஒருத்திதான் இதை ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாள். "மாமா, டாக்டர் வேலையை அப்புறம் பார்க்கலாம், முதல்ல வேனைக் கழுவுங்க" என்பாள். அவள் நம் பாஷைக்காரி. இந்த ஊர்க்காரர்கள் பேசுவதை எனக்கு எடுத்துச் சொல்வதும் அவள்தான். ஒரு மாதத்தில் நானே பாதி கற்றுக்கொண்டேன், மீதியைக் கையாலும் கண்ணாலும் பேசிவிடுகிறேன்.

தொழுநோய் இல்லம் என்றதும் முகத்தைச் சுளிக்காதே. நோயெல்லாம் மாத்திரையில் எப்போதோ போய்விட்டது. போகும்போது கை காலில் இருந்த உணர்ச்சியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது, அதுதான் கஷ்டம். காலில் முள் குத்தினால் நீயும் நானும் ஐயோ என்று குதிப்போம். இவர்கள் அதன் மேலேயே ஒரு வாரம் நடப்பார்கள். புண் எலும்பு வரை போகும், பிறகு கால் போகும். பாதத்துக்குத் தெரியாததைக் கண்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். இவர்களில் பாதிப் பேருக்குக் கண்ணும் மங்கல்.

அதற்கு இங்கே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம், நடுவில் ஒரு சின்னக் கதவு. மாலை மணி அடித்ததும் பிள்ளைகள் அந்தக் கதவு வழியாக வருவார்கள். தண்ணீர்த் தொட்டியில் கால் ஊறவைத்து வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள் நம் ஆட்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு ஆள். பிள்ளை பாதத்தைத் துடைத்து, விரல் இடுக்கையெல்லாம் விரித்துப் பார்த்து, எண்ணெய் தடவி, செருப்புக்குள்ளும் கைவிட்டுப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் எழுந்திருக்க வேண்டும். முடிந்ததும் பிள்ளைகளை வேனில் ஏற்றி வீட்டில் விடுவது நான்தான். இந்த ஏற்பாடே என் யோசனை என்று வைத்துக்கொள்ளேன். எனக்கு முன்னாலேயே ஆரம்பித்தது என்று நர்சம்மா சொல்வாள், அவள் பேச்சை விடு.

இதில் மகாராணி என்று ஒருத்தி. பட்டப்பெயர்தான். ஐம்பது வயது இருக்கும். வலது கால் முன்பே போய்விட்டது. இடது காலையும் ஒரு ஊன்றுகோலையும் வைத்துக்கொண்டு குழாயடிக்கும் குளியலறைக்கும் தானே போய்வருவாள். யாராவது தாங்கிப் பிடிக்கப் போனால் கோலால் அடிப்பாள். "இந்த ஒத்தக் கால் இருக்கிற வரைக்கும் என்னை எவனும் தூக்க வேணாம். அது போற அன்னைக்கு நானும் போனேன்னு வச்சுக்கங்க" என்பாள். என் வீரக்கதைகளை முழுசாகக் கேட்டுவிட்டு, "டிரைவரே, இத்தனை பேரைக் காப்பாத்தியிருக்கீங்களே, உங்க பஸ்ல யாருமே ஊர் போய்ச் சேரலையா?" என்று கேட்டாள். குசும்பு பிடித்தவள்.

அவள் காலைப் பார்க்கும் பிள்ளைக்கு நான் வைத்த பேர் குருவி. நம் குட்டி வயதுதான். பாதத்தைப் பரீட்சைத்தாள் மாதிரி திருத்துவாள். "ராணிம்மா, இன்னைக்கு நூத்துக்குத் தொண்ணூறு, குதிகால்ல பத்து மார்க் போச்சு" என்பாள். போன வாரம் கடுகளவு கண்ணாடிச் சில்லைக் கண்டுபிடித்து எடுத்தாள். அன்றைக்கு மகாராணி அவள் தலையை மொட்டைக் கையாலேயே தடவிக் கொடுத்தாள். விரல்கள் இல்லையே.

மற்றவை உன் பதில் கண்டு.

இப்படிக்கு,
கால் நூற்றாண்டு விபத்தே இல்லாமல் ஓட்டிய உன் மாமா


பாப்பாவுக்கு ஆயிரம் ஆசிகள்.

சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். இன்று உன் மாமன் ஒரு பள்ளிக்கூடத்தையே காப்பாற்றினான்.

விஷயம் இதுதான். கால் பார்க்க வரும் பிள்ளைகளில் ஒருவன், கடைக்காரர் மகன், அவன் கன்னத்தில் ஒரு தேமல் வந்தது. வெறும் தேமல். நர்சம்மாவே பார்த்துச் சொல்லிவிட்டாள். ஆனால் ஊர் வாயை மூட முடியுமா? கால் பார்க்கப் போய்த்தான் ஒட்டிக்கொண்டது என்று பேச்சு கிளம்பியது. பெரிய டீச்சர் பயந்துபோய்ப் பெற்றோரையெல்லாம் கூப்பிட்டார். கூட்டத்தில் நர்சம்மா எழுந்து, மாத்திரை சாப்பிட்டவர்களிடமிருந்து இது பரவாது, அது இது என்று சொன்னாள். பாவம், படித்த பிள்ளை, பேசத் தெரியவில்லை. ஒருவர் கொட்டாவி விட்டார். இரண்டு அப்பாக்கள் எழுந்து செருப்பைத் தேடினார்கள். கதவை அடைத்துவிடுவார்கள் போலிருந்தது. மகாராணியின் காலை நினைத்தேன். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

நேராகப் போய் மைக்கை வாங்கினேன். சட்டைக் கையை மடித்து, முழங்கைக்குக் கீழே இருக்கிற வெள்ளைத் தழும்பைக் காட்டினேன். உனக்குத் தெரியாததா? கொதிக்கிற ரேடியேட்டரின் மூடியைத் திறந்து நான் வாங்கிக் கட்டிக்கொண்டது. நீ அப்போது இத்தனூண்டு. பக்கத்தில் உட்கார்ந்து ஊதி ஊதி விட்டாய். அந்தத் தழும்பைத்தான் காட்டினேன். "பாருங்க! எனக்கும் இந்த நோய் வந்ததுதான்! மாத்திரை போட்டேன், ஓடிப்போச்சு! தினமும் உங்க பிள்ளைங்களை இந்தக் கையாலதான் வேன்ல தூக்கி ஏத்துறேன். நான் என்ன குறைஞ்சா போயிட்டேன்?" என்றேன். அதை அவர்கள் பேச்சில் சொல்ல நர்சம்மா மறுத்துவிட்டாள். "மாமா, வேணாம், உட்காருங்க" என்று சட்டையைப் பிடித்து இழுத்தாள். விடுவேனா? கற்றுக்கொண்ட பாதியை வைத்து நானே சொன்னேன். ஒரு வார்த்தை பிசகவில்லை.

பாப்பா, நீ பார்த்திருக்க வேண்டும். மூச்சுவிடுகிற சத்தம்கூட இல்லை. கைதட்டவே மறந்துபோனார்கள். குருவியின் அம்மா ஓடிவந்து மகளை மடியில் இழுத்து, அவள் இரண்டு கையையும் தன் துணியால் துடைத்தாள், துடைத்தாள், அப்படித் துடைத்தாள். மகள் செய்கிற புண்ணியம் இன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்திருக்கிறது. எல்லோரும் வேகமாகக் கலைந்தார்கள். நாளைக்குப் பார், இரண்டு மடங்கு பிள்ளைகள் வரும்.

நர்சம்மா என்னிடம் பேசவில்லை. பொறாமையாக இருக்கும். மாப்பிள்ளையிடம் இதைச் சொல், விழுந்து விழுந்து சிரிப்பார். அக்காவிடம் மட்டும் வேண்டாம், அவள் நிஜம் என்று நம்பித் தொலைப்பாள்.

வெற்றியோடு,
உன் மாமா


அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதம் வந்தது. எல்லோரும் நலம் என்று அறிந்து சந்தோஷம். எனக்கும் ஒரு குறையும் இல்லை. முன்பைவிட ஓய்வு அதிகம். வேனை இப்போது வேறு ஒருவன் ஓட்டுகிறான். கியர் போடத் தெரியாதவன். என்னைப் போன்ற அனுபவசாலியை எதற்கு அலைக்கழிக்க வேண்டும் என்று டாக்டர் நினைத்திருக்கலாம்.

பிள்ளைகள் வரவில்லை. அந்தக் கூட்டத்துக்கு மறுநாளே சின்னக் கதவுக்குப் பூட்டுப் போட்டார்கள். அதற்கு அடுத்த வாரம் செங்கல் வைத்து அடைத்தே விட்டார்கள். சிமென்ட் பூசியது சரியில்லை, நானாக இருந்தால் இன்னும் நேர்த்தியாகப் பூசியிருப்பேன்.

சும்மா இருப்பேனா நான்? பள்ளிக்கூட வாசலுக்கே போனேன். இது ரேடியேட்டர் சுட்ட தழும்பு, எனக்கு நோயே வந்ததில்லை என்று காவல்காரரிடம் சொன்னேன். பெரிய டீச்சரைக் கூப்பிடச் சொன்னேன். அந்த மனிதர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஐயா, அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா?" என்று கேட்டார். நர்சம்மா, டாக்டர் எல்லோரும் போய்ப் பேசினார்கள். டாக்டரைப் பார்த்தே, உங்கள் ஆள் என்றுதானே மறைக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டார்களாம். என்ன ஜனமோ!

நர்சம்மாவுக்குக் கட்டுப்போடுவதற்கே பொழுது போதாது. அதனால் கால் பார்க்கிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன். எத்தனை பேர் இருந்தால் என்ன, ஒற்றை ஆளாக எல்லாப் பாதத்தையும் பார்த்தேன். கண்ணாடி போடுங்கள் என்று நர்சம்மா சொன்னாள். மழையிலும் மூடுபனியிலும் மலைப்பாதையில் ஓட்டிய கண் இது, எனக்கு எதற்குக் கண்ணாடி? மகாராணியின் காலைத்தான் முதலில் பார்ப்பேன். குருவி சொல்கிற மாதிரியே, "நூத்துக்கு நூறு!" என்று சத்தமாகச் சொல்வேன். அவள், "உங்க கிட்ட எல்லாருக்குமே நூறுதான். குருவி கிட்ட எண்பது வாங்கினாதான் எனக்கு நிம்மதி" என்பாள்.

அந்த அறையில் வெளிச்சம் போதாது, பாப்பா. அவள் செருப்பின் அடியிலிருந்து ஒரு சின்ன ஆணி மேலே வந்திருக்கிறது. சுண்டுவிரல் இடுக்கில். எத்தனை நாளாகவோ தெரியாது. அவளுக்கு வலிக்காது. எனக்குத் தெரியவில்லை. வாடை வந்த பிறகுதான் நர்சம்மா பார்த்தாள்.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆபரேஷன் முடிந்து வந்ததும் என்னைத் திட்டுவாள், கோலை எடுத்து அடிப்பாள் என்று கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சிரிக்க வைக்கலாம் என்று பஸ் பள்ளத்தாக்கில் தொங்கிய கதையைச் சொன்னேன். பாதியில் கண்ணைத் திறந்தாள். "குளியலறைக்குப் போகணும். தூக்குங்க" என்றாள். அவ்வளவுதான். தூக்கினேன். கனமே இல்லை. சுவரைப் பார்த்தபடி வந்தாள். இப்போது தினமும் அப்படித்தான். என்னோடு பேசுவதில்லை என்று சொல்ல மாட்டேன். "தூக்குங்க" என்கிறாள், "போதும்" என்கிறாள். சாப்பாட்டை மட்டும் பாதிக்கு மேல் தொடுவதில்லை.

குருவியை ஒருநாள் தெருவில் பார்த்தேன். அம்மா கையைப் பிடித்து எதிர்ப்பக்கமாகக் கூட்டிப்போனாள். என்னைப் பார்த்ததும் பிள்ளை இரண்டு கையையும் சட்டைக்குள் இழுத்துக்கொண்டது. யார் சொல்லிக் கொடுத்தார்களோ, சமர்த்துப் பிள்ளை.

நான் இருக்கிற வரைக்கும் பள்ளிக்கூடம் இறங்கி வராது என்று நினைக்கிறார்கள். அடுத்த மாதம் என்னை ஊருக்கு அனுப்பிவைக்கிறார்கள். நான் போனாலும் அந்தச் சுவரை இடிக்கப் போவதில்லை என்று நர்சம்மா சொல்கிறாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் அவள் என்னிடம் பேசியது அது ஒன்றுதான்.

இனி உன் கடிதத்துக்கு வருகிறேன். குட்டிக்குப் பரீட்சை, வீட்டில் பெயின்ட் அடிக்கிறீர்கள், அதனால் இப்போதைக்கு அங்கே வந்து தங்க முடியாது என்று எழுதியிருக்கிறாய். சரிதான். பெயின்ட் வாடை எனக்கும் ஆகாது. "எதுக்கும் அங்கேயே ஒரு நல்ல டாக்டர்கிட்ட உடம்பைக் காட்டிட்டு வாங்க மாமா" என்றும் எழுதியிருக்கிறாய். மாப்பிள்ளை சிரிக்கவில்லை போலிருக்கிறது. அவர் மேல் தப்பில்லை. பெண்பிள்ளையைப் பெற்றவர், நாலும் யோசிக்கத்தான் செய்வார். நீ ஊதி ஊதி ஆற்றிய கைதான், ஆனால் அது எத்தனை வருடத்துக்கு முந்தைய கதை! நான் சொன்ன கதைகளுக்கு நடுவில் அது எந்தக் கதை என்று உனக்கும் குழம்பியிருக்கும்.

நான் லாட்ஜில் தங்கிக்கொள்வேன். எனக்கென்ன, ஊரெல்லாம் சிநேகிதர்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன், முடியாது என்று சொல்லாதே. ஒரு சாயங்காலம் உங்கள் வீட்டுக்கு எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கிறேன். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்வேன். உள்ளே வர மாட்டேன், எதையும் தொட மாட்டேன். குட்டியைக் கொஞ்ச நேரம் வாசலில் விளையாட விடு. நான் யார் என்றுகூடச் சொல்ல வேண்டாம். பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன்.

குட்டி நூறு வயது நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். மாப்பிள்ளை நன்றாக இருக்க வேண்டும். நீ, என் தங்கமே, மகராசியாக இரு.

உன் தாய்மாமன்