ஏரி பார்த்து வந்த பயம்

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

நானும் அம்மாவும் சுகம். நீ எப்படி என்று போனில் கேட்டால் நல்லா இருக்கேம்ப்பா என்பாய், அந்தப் பதிலுக்குப் பயந்துதான் எழுதுகிறேன்.

நீ டிக்கெட் எடுத்துக் கொடுத்த மலை ஏரிக்குப் போய் வந்தோம். கல்யாணமான புதிதில் அம்மாவுக்கு நான் வாக்குக் கொடுத்த இடம் அது. கடை, சரக்கு, லாரி என்று இருபத்தெட்டு வருடம் தள்ளிப் போட்டது. போனால், கரையைச் செப்பனிடத் தண்ணீரை வடித்துவிட்டிருந்தார்கள். நடுவில் குட்டையளவு தண்ணீர், சுற்றிலும் சேறு, குடலைப் புரட்டும் நாற்றம். இதைக் காட்டவா இத்தனை வருஷம் காக்க வெச்சீங்க, நம்ம வீட்டுத் தொட்டியே தேவலையேங்க என்று அம்மா சிரித்தாள், கண் கலங்கியிருந்தது. அந்த நேரம் பார்த்து நீ கூப்பிட்டாய். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே, சொர்க்கம் மாதிரி இருக்கு கண்ணு என்றாள். நானும் பக்கத்தில் நின்று ஆமாமா என்றேன். போனை வைத்ததும் ஏன் பொய் சொன்னே என்று கேட்டேன். ஆசையா அனுப்பின பிள்ளை மனசு நோகக் கூடாதில்லீங்க என்றாள். பாசமிருந்தால் பொய் இவ்வளவு சுலபமாக வருமா என்று நினைத்தேன், உடனே உன் முகம்தான் கண்முன் வந்து நின்றது.

பள்ளிக்கூட நாளிலிருந்தே, இப்போது நீ இருக்கும் அந்த வெளிநாட்டு ஊர்ப் படங்களைச் சுவரெல்லாம் ஒட்டி வைத்தவள் நீ. நான் மறித்தேன், என்னோடு சண்டை போட்டுத்தான் போனாய். போய் எட்டு மாதமாகிறது, அறை நல்லது, வேலை நல்லது, மனிதர்கள் நல்லவர்கள், ஒரு குறை சொன்னதில்லை. நம்ம கடைக்கு டைல்ஸ் லோடு ஒரு கல்கூட உடையாமல் வந்தால் நான் சந்தோஷப்பட மாட்டேன், வழியில் எவனோ பெட்டியைப் பிரித்து, உடைந்ததை மறைத்து அடுக்கியிருக்கிறான் என்று பயப்படுவேன். வீடியோவில் உனக்குப் பின்னால் எப்போதும் அதே வெள்ளைச் சுவர். அறையைச் சுற்றிக் காட்டு என்றால் சிக்னல் போய்விடுகிறது. உள்ளேயே கோட்டு போட்டிருக்கிறாய், கழுத்தெலும்பு தெரிகிறது, போன வாரம் இருமல் வந்ததும் போனைத் திருப்பிவிட்டாய். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை, சொன்னால் சோறு இறங்காது. எனக்குத்தான் கல்லாவில் உட்கார்ந்தால் சில்லறைக் கணக்கு தப்புகிறது.

அப்பாவிடம் தோற்றுப்போகக் கூடாது என்று மறைக்கிறாயா? நான் அப்பவே சொன்னேனே என்று ஒரு நாளும் சொல்ல மாட்டேன், எந்தச் சொந்தக்காரரையும் சொல்ல விடவும் மாட்டேன். முதலில் டாக்டரிடம் போய் அந்த இருமலைக் காட்டு. அறையை நாலு பக்கமும் படம் எடுத்து அனுப்பு, துவைக்காத துணி, கழுவாத தட்டு எல்லாம் அப்படியே கிடக்கட்டும், ஒதுக்கி வைக்காதே.

நோய்நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், எங்கள் இரண்டு பேர் ஆசியும் உனக்கு உண்டு. சுடுதண்ணீர் குடி. இன்று காலை பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன், சரக்கு பார்க்கப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

உன் அப்பா