புள்ளி வைத்த வட்டம்

மதுரை
10.7.2025

சிரஞ்சீவி மைத்ரேயிக்கு அப்பாவின் ஆசீர்வாதம்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். போனில் சொன்னால் வக்கீல் மாதிரி வாதாடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். ஜாதகம் அமோகமாகப் பொருந்திவிட்டது. பிள்ளையின் அப்பா, "அர்ச்சகர் ஆத்துப் பொண்ணு கண் பார்வை, மரபணுன்னு ஆராய்ச்சி பண்றாளாமே! கட்டுரையெல்லாம் அனுப்பச் சொல்லுங்கோ" என்று ஆசையாகக் கேட்டார். எல்லாவற்றையும் அனுப்பு. நம் குடும்பத்து வம்சப் படம் போட்ட அந்த ஒன்றை மட்டும் அனுப்பாதே. உன் தம்பி சாய்ராமுக்குச் சிவப்பு, பச்சை தெரியாது என்பதும், அது உங்கள் அம்மா வழியில் வந்தது என்பதும் சம்பந்திகளுக்கு எதற்கு? என் பேச்சை ஒருதரமாவது கேளேன்.

விஸ்வேஸ்வரன்

உசிலம்பட்டி
16.7.2025

அன்புள்ள அப்பாவுக்கு நமஸ்காரம்.

அந்த ஒன்றைத்தான் முதலில் அனுப்பினேன்.

கோபப்படுங்கள், ஆனால் முழுக்கப் படித்துவிட்டுப் படுங்கள். அந்த ஆடி வெள்ளிக்கிழமை, அம்மனுக்குச் சிவப்புப் பட்டுக்குப் பதில் பச்சையைக் கட்டினான் என்று தம்பியைச் சன்னதியிலேயே அறைந்தீர்கள். அவன் கண்ணுக்கு இரண்டும் ஒரே பழுப்பு. அன்றிலிருந்து மடப்பள்ளியில் புளியோதரை கிளறுகிறான். அன்று விழுந்த அறைதான் என்னை இந்தப் படிப்புக்கு இழுத்து வந்தது. அதை மறைத்துவிட்டால் என் ஆராய்ச்சியில் மிச்சம் என்ன இருக்கிறது?

அம்மாவும் தம்பியும் சம்மதித்த பிறகுதான் அந்தக் கட்டுரை அச்சில் வந்தது. வம்சப் படத்தில் பெண்ணுக்கு வட்டம் போடுவோம். அந்த மரபணுவைச் சுமக்கிறவள் என்றால் வட்டத்துக்குள் ஒரு புள்ளி. புள்ளி வைத்த ஒரு வட்டம் அம்மா, இன்னொன்று நான். எனக்குப் பிறக்கும் பையனுக்கும் வரலாம். வரட்டுமே!

இங்கே கண் பரிசோதனை முகாமுக்கு மகனைக் கூட்டிவந்த சின்னத்தாயிடம், அவனுக்கும் இதே குறைதான், தாயிடமிருந்து வந்தது என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். "ஆமாத்தா, எங்கிட்டருந்துதான் போயிருக்கு, எழுதிக்க. நான் என்ன களவாண்டா குடுத்தேன்?" என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

இந்த வரன் போனால் போகட்டும் அப்பா. நான் ஒளிந்துகொண்டு கல்யாணம் செய்துகொள்ள மாட்டேன்.

உங்கள்
மைத்ரேயி

மதுரை
9.8.2025

சிரஞ்சீவி மைத்ரேயிக்கு,

ஜாதகத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அமோகமாகப் பொருந்தினது இப்போது பொருந்தவில்லையாம். தரகர் புண்ணியத்தில் விஷயம் ஊர் பூராவும் தெரிந்துவிட்டது. உன் மேல் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

நேற்று ஆடி வெள்ளி. அம்மனுக்கு உபயமாகச் சிவப்புப் பட்டு கொண்டுவந்த கருத்தக்கண்ணன், அத்தனை கூட்டத்துக்கு நடுவே, "சாமி, தம்பிக்குக் கலரே தெரியாதாமே?" என்றார். பிரசாதத் தூக்கோடு நின்ற சாய்ராம் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு ஆத்திரம் வந்ததோ! தூக்கை வாங்கிக் கீழே வைத்தேன். பட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

"ஆமா, அவனுக்குச் சிவப்பு தெரியாது. அம்மனுக்குக் கட்டத் தெரியும்" என்றேன்.

கட்டினான். கொசுவம் ஒன்றுகூடப் பிசகவில்லை. உன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே நின்றாள்.

பேரையூரிலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது. இந்தத் தடவை ஜாதகத்தோடு அந்தக் கட்டுரையையும் நானே சேர்த்து அனுப்பப்போகிறேன். வேண்டாம் என்பவர்கள் முதலிலேயே சொல்லித் தொலைக்கட்டும். ஒரு பிரதி போதாது. பத்தாக அனுப்பி வை.

அப்பா