உச்சியில் அவிழ்த்த ஷூ

பிப்ரவரி 9, இரவு. கிளிமஞ்சாரோ, கீழ் முகாம்.

இன்று காலை உச்சியைத் தொட்டுவிட்டேன். எழுதிப் பார்த்தால்தான் எனக்கே நம்பிக்கை வருகிறது.

உச்சியில் நட்டிருக்கும் பெயர்ப் பலகைக்குப் பத்தடி இருக்கும்போது, பனியில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தேன். யோசித்துச் செய்யவில்லை. பயிற்சிக்காக நைனாவோடு திருமலைப் படிகளை வெறுங்காலோடு ஏறி ஏறி வந்த பழக்கம். வழிகாட்டி ஓடிவந்து என் கையைப் பிடித்தார். விரல் போய்விடும் என்று ஆங்கிலத்தில் கத்தினார். எல்லோரும் திரும்பிப் பார்க்க, அந்தக் குளிரிலும் எனக்குக் காதுவரை சூடேறியது.

கூட வந்த புத்தூர் கவிதா விழுந்து விழுந்து சிரித்தாள். "இன்னாடி, இங்கயும் செருப்பு ஸ்டாண்ட் தேடிக்கினு இருக்கியா?"

ஷூவோடுதான் பலகையைத் தொட்டேன். சந்தோஷத்தில் அழுதேன். ஆனால் இறங்கும் வழியெல்லாம் அதுவே உறுத்தியது. மலை என்றாலே நைனாவுக்குச் சாமி. நகரியில் தறிக்கு உட்காரும்போதுகூடச் செருப்பை வாசலில் விடுபவர். அவரிடம் எப்படிச் சொல்வது?

முகாமில் சிக்னல் கிடைத்ததும் சொல்லிவிட்டேன். "நைனா, மேல ஷூ போட்டுக்கினுதான் நின்னேன்."

அந்தப் பக்கம் தறிச் சத்தம் நின்றது.

"காலு நல்லா கீதா?"

"நல்லா இருக்குது நைனா."

"அப்ப அந்த ஷூவ கழுவிடாத. அப்டியே எடுத்துக்கினு வா. அந்த மலை மண்ண நான் கண்ணுல ஒத்திக்கணும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எங்கள் வீட்டில் முதல் ஆளாக நான் பட்டம் வாங்கிய நாளில்கூட அவர் இப்படிச் சிரித்ததில்லை.

ஷூவைத் தலைமாட்டில் வைத்திருக்கிறேன். நாற்றம் தாங்கவில்லையென்று கவிதா கூடாரத்துக்கு வெளியே தலையை நீட்டிப் படுத்திருக்கிறாள்.