வெள்ளைத் தாளில் விழுந்த வெள்ளை

நாள் 211 | காலை 07:10 | பனித்துளைப்பு நிலையம், செவ்வாய்

எழுதுபவர்: செண்பகவல்லி, நீரியலாளர். நிலையத்தில் நான் ஒருத்திதான். துளைப்பான் சீராக ஓடுகிறது. பனிக்கட்டியில் மண் கலப்பு குறைந்திருக்கிறது. வெளியே புழுதிக்காற்று, முகாமுக்குப் போகும் பாதை மூடிவிட்டது. தானாக அடங்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

முகாமில் இரண்டு பேர். தலைவர் பூவராகன். தோட்டக்கூடாரத்தைப் பார்த்துக்கொள்ளும் ஞானதிரவியம். அங்கே விளைவதைப் பறித்துச் சேர்க்க ஒரு தோட்ட எந்திரம். ஞானமும் நானும் பூமியில் ஒரே காளான் குழு. மழை விட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் செங்கோட்டைப் பக்கம் காட்டுக்குள் புகுந்து, கண்ணில் படும் காளானுக்கெல்லாம் பெயர் தேடுவோம். தொழில் இல்லை, பைத்தியம். அவன் பார்த்தவுடன் பெயர் சொல்லிவிடுவான். நான் வீட்டுக்கு எடுத்துப்போய் வெட்டிப் பார்த்து, முகர்ந்து, மறுநாள்தான் வாய் திறப்பேன். பெரும்பாலும் அவன் சொன்னதே சரியாக இருக்கும். அதுதான் அவனைக் கெடுத்தது.

நாள் 211 | மாலை 18:30

ஞானத்திடமிருந்து வானொலி:

"ஏக்கா, கேக்குதா? ஓக் கன்னுக்கு அடியில வைக்கோல் பரப்பியிருந்தோம்லா, அதுல காளான் முளைச்சிருக்கு! மொட்டு மொட்டா, முட்டை கணக்கா. நம்ம ஊரு வைக்கோல் காளானேதான். செவ்வாயில மொத காளான், நாந்தான் பாத்திருக்கேன்!"

எனக்கும் சந்தோஷம்தான், ஒரு நிமிடம். பிறகு யோசித்தேன். அந்த வைக்கோல் நீராவியில் வெந்து வந்தது, அதில் எதுவும் உயிரோடு இருக்காது. ஓக் மரக்கன்றுகளோ ஐரோப்பாவிலிருந்து வேர்மண்ணோடு வந்தவை. ஓக் வேரோடு கூடி வாழும் அமானிட்டா என்று ஒரு காளான் உண்டு. ஆளைக் கொல்லும். அதுவும் முட்டை போன்ற உறைக்குள்தான் பிறக்கும். மொட்டாக இருக்கும்போது இரண்டையும் பக்கத்தில் வைத்தாலும் வித்தியாசம் தெரியாது. நம் ஆட்கள் வைக்கோல் காளானை மொட்டாகத்தான் சாப்பிடுவார்கள்.

ஒரே வழி, ஒன்றை விரியவிட்டு, குடையை வெட்டித் தாளின்மேல் ஒரு ராத்திரி கவிழ்த்து வைப்பது. ஸ்போர் எனும் வித்துத் தூள் கீழே விழுந்து அச்சாகப் படியும். இளஞ்சிவப்பு என்றால் வைக்கோல் காளான். வெள்ளை என்றால் தொடக்கூடாது. சொன்னேன். சிரித்தான்.

"சரிக்கா, ஒண்ணு பாதி விரிஞ்சுதான் இருக்கு, அச்சு எடுத்துருதேன். நீங்க தாலி கட்டிக்கிடும்போதே மாப்பிள்ளைய அச்சு எடுத்துப் பாத்திருப்பிய!"

நாள் 212 | மாலை 19:05

பகல் முழுக்கக் குழிக்குள் இருந்தேன். அங்கே வானொலி எட்டாது. மேலே வந்தால் இரண்டு செய்திகள்.

காலையில் வந்தது: "அக்கா, அச்சே விழல. தாள் சுத்தமா இருக்கு. இன்னும் முத்தல போல."

மத்தியானம் வந்தது: "மொளகு தட்டிப்போட்டு கொழம்பு வச்சாச்சு. தலைவர் ரெண்டு தட்டு சாப்பிட்டாரு. உங்க பங்கு குளிர்பெட்டில இருக்கு. தோட்ட எந்திரத்துலயும் பேரு பதிஞ்சிட்டேன். இனி அதுவே பறிச்சுக்கிடும்."

உடனே கூப்பிட்டேன். என்ன தாள் என்று கேட்டேன்.

"சமையக்கட்டு வெள்ளைத் தாளுதான். ஏன்க்கா?"

வெள்ளைத் தாளில் வெள்ளைத் தூள் விழுந்தால் எந்தக் கண்ணுக்குத் தெரியும்? பாதி கறுப்பு, பாதி வெள்ளைத் தாளில்தான் அச்சு எடுக்க வேண்டும். காளான் குழுவில் சேர்ந்த முதல் வாரமே எல்லோரும் செய்வது. ஊர்க் காளானைப் பார்த்த ஆசையில் கையும் மறந்துவிட்டது, மூளையும் மறந்துவிட்டது. விரலால் தாளைத் தேய்த்துப் பார் என்றேன்.

"...மாவு மாதிரி ஒட்டுதுக்கா."

கத்தினேன். அசிங்கமாகத் திட்டினேன். ஒரு ராத்திரி பொறுக்க முடியாத நாக்கு உனக்கு எதற்கு என்று கேட்டேன். முதலில் எந்திரத்தில் அந்தப் பெயரை அழி என்றேன். நாளைக்கு அழிக்கிறேன் என்றான்.

நாள் 213 | காலை 05:50

இருவருக்கும் விடிவதற்குள் வாந்தி, பேதி. மேலே சுற்றுப்பாதையில் நிற்கும் கப்பலில் மருத்துவர் இருக்கிறார், ஈரலைக் காப்பாற்றும் மருந்து இருக்கிறது. நாளை மத்தியானம் கப்பல் பூமிக்குக் கிளம்புகிறது. என் வானொலி இந்தப் புழுதியைத் தாண்டி மேலே எட்டாது. பூவராகன் சொன்னால்தான் கப்பல் நிற்கும்.

பூவராகனின் பதில்: "செண்பகவல்லி, பதட்டப்படாதீங்க. சாதாரண வயித்துக் கோளாறு. ஞாயித்துக்கிழமை பொழுதுபோக்கை வெச்சு கப்பலை நிறுத்தச் சொன்னா மேல சிரிப்பாங்க. நாளைக்குப் பார்ப்போம்."

நாளைக்கு நன்றாகிவிடும், அதை நம்பாதீர்கள் என்றேன். இந்த விஷத்தின் வழக்கமே அது. ஒரு நாள் புரட்டி எடுக்கும். அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோல் விட்டுவிடும். உள்ளே ஈரலைத் தின்றுகொண்டே இருக்கும். ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். வானொலியை அணைத்துவிட்டார்.

நாள் 214 | மதியம் 12:40

பூவராகன், உற்சாகமாக: "பாத்தீங்களா? ரெண்டு பேரும் எழுந்து உக்காந்து கஞ்சி குடிச்சோம். கப்பலை வழியனுப்பியாச்சு. நீங்களும் கொஞ்சம் தூங்குங்க."

வழியனுப்பியாச்சாம்! நான் நாளைக்கு நன்றாகிவிடும் என்று முன்கூட்டியே சொன்னேனே. சொன்னபடியே நடந்ததை வைத்தே என்னைப் பொய்யாக்கிவிட்டார். இப்படிப்பட்ட ஆளை யார் தலைவராகப் போட்டது? கையில் கிடைத்த ஸ்பானரைச் சுவரில் எறிந்தேன். சுவர் நசுங்கியது, கப்பல் திரும்பவில்லை.

ஞானத்தை விட்டு எந்திரத்தில் பெயரை அழிக்கச் சொல்லி மறுபடி கேட்டேன். "நல்லாத்தானே இருக்கோம், எதுக்கு அழிக்கணும்?" என்றார்.

நாள் 216 | இரவு 20:15

ஞானம். குரல் குழறுகிறது.

"அக்கா... கண்ணெல்லாம் மஞ்சளா இருக்கு. தலைவருக்கு யாரையும் அடையாளம் தெரியல. கறுப்புத் துணில ஒண்ணக் கவுத்து வச்சேன். பால் கணக்கா வெள்ளை. நீங்க சொன்னதுதான். நீங்க ஜெயிச்சிட்டிய."

எனக்கு இந்த ஜெயிப்பு வேண்டாமடா, முட்டாளே. நீ சொன்னதே சரியாக இருந்திருக்கலாம். வாழ்நாள் முழுக்க நான் தோற்றிருப்பேன்.

எந்திரத்தின் முன்னால் போய் உட்கார், பெயரை மாற்று என்று கெஞ்சினேன். பதிந்தவன் கைரேகை இல்லாமல் அது மாறாது. போகிறேன் என்றான். வழியிலேயே, அங்கே இல்லாத தன் அம்மாவோடு பேச ஆரம்பித்துவிட்டான்.

நாள் 218 | காலை 06:00

முகாமிலிருந்து மனிதக் குரல் இல்லை. தோட்ட எந்திரம் மட்டும் வழக்கம்போல் அறிவிக்கிறது:

"புதிய அறுவடை. வைக்கோல் காளான், உண்ணலாம். கண்டவர்: ஞானதிரவியம். உலர்த்தி, வரவிருக்கும் குழுவினருக்காக ஜாடியில் அடைக்கப்பட்டது."

உலர்த்தினாலும் வேகவைத்தாலும் அந்த விஷம் போகாது. அடுத்த குழு நம் ஊர்க்காரர்கள்தான். களைத்துப்போய் இறங்குவார்கள். ஜாடியில் ஊர்ப் பெயரைப் பார்ப்பார்கள். ஒருவனாவது ஆசையில் அழுதுவிடுவான். பிறகு மிளகு தட்டுவார்கள்.

புழுதி சற்றுக் குறைந்திருக்கிறது. அந்த ஜாடிகளைக் கொட்ட வண்டியை எடுக்கிறேன். வண்டியின் புழுதி வடிகட்டி அடைத்துக்கொள்ளும், மூச்சுக்காற்று பாதி வழிக்குத்தான் வரும். மீதி வழியைக் கோபத்தில் ஓட்டிக்கொள்கிறேன்.

நாள் 218 | நேரம் தெரியவில்லை | வண்டிக்குள்

வடிகட்டி அடைத்துவிட்டது. இனி வண்டி நகராது. கூடாரத்தின் பச்சை விளக்கு தெரிகிறது. நடந்தால் போய்விடலாம், உடையில் காற்று இருந்தால். இல்லை.

இதைக் கண்டெடுப்பவரே, முதலில் ஜாடிகளைக் கொட்டுங்கள். எங்களைப் பிறகு தேடலாம். ஊர்க் காளான் இல்லை அது. யார் பெயர் போட்டிருந்தாலும், எவ்வளவு பசி எடுத்தாலும், கறுப்புத் தாளில்

ஞானத்தின் மேல் கோபம் இன்னும் போகவில்லை. குளிர்பெட்டியில் எனக்கு ஒரு பங்கு எடுத்து வைத்திருக்கிறானாம்

வானொலி விளக்கு எரிகிறது. எந்திரம்தான்.

"புதிய அறுவடை. வைக்கோல் காளான், உண்ணலாம். ஏழாவது ஜாடி நிறைந்தது. ஜாடியில் ஒட்டிய வாசகம்: புதிய குழுவினரே, நல்வரவு. நன்றாகச் சாப்பிடுங்கள்."